நிலத்தைக் காத்தலே நீரைக் காத்தல்
சிங்கப்பூர் நீர்ப்பிடிப்பு நிலங்களின் வரலாறு

குழாயைத் திறந்தால் நீர் வருகின்றது. அந்நீர் எங்கிருந்து வருகின்றது என வினவின், நீர்த்தேக்கத்திலிருந்து வருகின்றது என்று பள்ளிப் பிள்ளையும் விடை கூறும். ஆயின் நீர்த்தேக்கத்திற்கு நீர் எங்கிருந்து வருகின்றது? வானத்திலிருந்து என்பது பாதி விடையே. தேக்கத்தின் நீர்ப்பரப்பின்மேல் நேரே விழும் மழை சிறிது. அதனைச் சூழ்ந்துள்ள மேட்டிலும் சரிவிலும் விழுந்து, ஓடையாகவும் ஊற்றாகவும் வந்து சேரும் மழையே பெரிது. அவ்வாறு மழையை ஏந்தி ஒரு தேக்கத்திற்கு அனுப்பும் நிலம் முழுவதையும் நீர்ப்பிடிப்பு நிலம் என்கின்றோம். ஏரிப் பாசனத்தைக் கண்டறிந்த தமிழர்க்கு இது புதிய செய்தியன்று. கரை எத்துணை வலிதாயினும், நீர் வரும் நிலம் கெட்டால் ஏரியும் கெடும் என்பதை உழவர் அறிவர்.

நிலத்தின்மீது மனிதர் செய்யும் ஒவ்வொரு செயலும் நீரில் எழுதப்படுகின்றது. காட்டை வெட்டினால் மண் கரைந்து வருகின்றது. பண்ணை வைத்தால் சாணமும் உரமும் வருகின்றன. தொழிற்சாலை வைத்தால் எண்ணெயும் உலோக நஞ்சும் வருகின்றன. ஆதலின், நீர்ப்பிடிப்பு நிலத்தில் எதனைக் கட்டலாம், எதனைக் கட்டலாகாது என்று முன்னரே ஆராய்ந்து முடிவு செய்வது நகர ஆட்சியின் தலையாய கடமைகளுள் ஒன்றாயிற்று. இக்கடமையைச் சிங்கப்பூர் ஒரே நாளில் கற்றுக்கொள்ளவில்லை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக, இழப்பின் வாயிலாகவும் தட்டுப்பாட்டின் வாயிலாகவும் படிப்படியாகக் கற்றது. அக்கல்வியின் வரலாறு அறியத்தக்கது.

காடு அழிந்த கதை

1819 ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இத்தீவில் வாணிக நிலையம் அமைத்தபோது, தீவின் பெரும்பகுதி அடர்ந்த காடாக இருந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் அக்காட்டின் பெரும்பகுதி மறைந்தது. அதற்குத் தலையாய காரணம் கம்பிர், மிளகுச் சாகுபடியே ஆகும். கம்பிர் என்பது வெற்றிலையோடு மெல்லுவதற்கும், தோல் பதனிடுவதற்கும் பயன்பட்ட ஒரு சரக்கு. அதன் இலைகளைப் பெரிய கொப்பரைகளில் நெடுநேரம் காய்ச்சிச் சாறு எடுக்க வேண்டும். அதற்கு விறகு வேண்டும். விறகிற்காகத் தோட்டத்தைச் சுற்றிலும் இருந்த காடு வெட்டப்பட்டது. சில ஆண்டுகளில் மண்ணின் வளம் குன்றியதும் பயிரிடுவோர் அந்நிலத்தை விட்டுப் புதுக் காட்டை நாடினர். அவர்கள் விட்டுச் சென்ற நிலத்தில் லாலாங் புல் மண்டியது. இவ்வாறு நிலம் தேய்ந்துபோன பின்னர், பயிரிடுவோர் பலர் நீரிணையைக் கடந்து ஜோகூருக்குச் சென்றனர்.

காட்டுக்கும் நீருக்கும் உள்ள தொடர்பை அந்நாளிலேயே உணர்ந்து எழுதியவரும் உளர். வழக்கறிஞரும் ஆராய்ச்சியாளருமாகிய ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன், தாம் நடத்திய ஆராய்ச்சி இதழில் 1848 ஆம் ஆண்டில் பினாங்குத் தீவைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். குன்றுகளின்மேல் உள்ள காடுகளை இடைவிடாது அழித்து வந்தால் தீவின் தட்பவெப்பம் என்னாகும் என்பதே அக்கட்டுரையின் பொருள். மலாயாவின் நிலத்தையும் நீரையும் ஒருங்கே வைத்து எண்ணிப் பார்த்த முன்னோடி எழுத்துகளுள் அது ஒன்று.

சிங்கப்பூரில் இக்கருத்து ஆட்சியாளர் செவியில் ஏற மேலும் முப்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. தாவரவியல் தோட்டத்தின் கண்காணிப்பாளராக இருந்த நதானியேல் கேண்ட்லி, நீரிணைக் குடியேற்றங்களின் காடுகளைப் பற்றி 1883 ஆம் ஆண்டில் அறிக்கை அளித்தார். பழைய காட்டில் மிகச் சிறிய பகுதியே எஞ்சியுள்ளது என்பது அதனால் வெளிப்பட்டது. அதன் பயனாகக் காட்டு ஒதுக்கிடங்கள் அமைந்தன. இன்று புக்கிட் தீமாவில் நிற்கும் காடு அவ்வாறு தப்பிப் பிழைத்ததே.

முதல் தேக்கம்

தொடக்க காலச் சிங்கப்பூர் கிணற்று நீரையும் ஓடை நீரையும் நம்பி வாழ்ந்தது. மக்கள் பெருகப் பெருகக் கிணறுகள் கழிவால் கெட்டன. தீவின் உட்பகுதி ஓடைகளிலிருந்து நகருக்கு நீர் கொணரலாம் என அரசாங்க நில அளவையாளர் ஜான் டர்ன்புல் தாம்சன் 1852 ஆம் ஆண்டில் திட்டம் ஒன்றைக் கூறினார். சீன வணிகர் டான் கிம் செங் 1857 ஆம் ஆண்டில் நகரின் நீர் வழங்கலுக்கென 13,000 டாலர் நன்கொடை அளித்தார். எனினும் வேலை மெல்லவே நடந்தது. தாம்சன் சாலைப் பகுதியில் தேக்கத்தின் அணை 1868 ஆம் ஆண்டில் முடிவுற்றது. நீரை இறைக்கும் பொறிகளும் நகருக்குள் செல்லும் குழாய்களும் ஆயத்தமாக மேலும் ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆயின. டான் கிம் செங்கின் கொடையை நினைவுகூர நகராண்மையார் 1882 ஆம் ஆண்டில் நிறுவிய நீரூற்றுச் சிலையை இன்றும் எஸ்பிளனேடில் காணலாம்.

அத்தேக்கத்தை நகராண்மைப் பொறியாளர் ஜேம்ஸ் மெக்ரிட்சி 1891 ஆம் ஆண்டில் பெரிதாக்கினார். அவர் பெயரே 1922 ஆம் ஆண்டில் தேக்கத்திற்குச் சூட்டப்பட்டது. காலாங் ஆற்றின் மேற்பகுதியைத் தடுத்து அமைத்த இரண்டாம் தேக்கம் 1912 ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. அதனை அமைத்த ராபர்ட் பியர்சின் பெயர் அதற்கு வழங்குகின்றது. மூன்றாவதாகிய சிலேத்தார்த் தேக்கம் 1940 ஆம் ஆண்டில் நிறைவுற்றது.

இம்மூன்று தேக்கங்களும் தீவின் நடுப்பகுதியில், அடுத்தடுத்து அமைந்தவை. அவற்றைச் சூழ்ந்த நிலத்தை நகராண்மை தன் கையில் வைத்துக்கொண்டு, குடியிருப்பும் பயிரும் இல்லாமல் காத்தது. கைவிட்ட தோட்ட நிலங்களில் காடு மீண்டும் தழைத்தது. இன்று பார்வையாளர் பழங்காடு என்று எண்ணும் பல இடங்கள் இவ்வாறு தழைத்த இளங்காடுகளே. ஆங்காங்கே சிறிதளவு தொல்காடும் கலந்து நிற்கின்றது.

இம்முறையை வெற்று நில முறை எனலாம். மனிதர் இல்லையேல் மாசும் இல்லை என்பது அதன் கொள்கை. காட்டு மண் பஞ்சுபோல் மழையை உறிஞ்சி மெல்ல விடுகின்றது. இலைச்சருகு மண்ணரிப்பைத் தடுக்கின்றது. ஆதலின் காட்டிலிருந்து வரும் நீரைக் குறைந்த செலவில் வடிகட்டிக் குடிநீர் ஆக்கலாம். கொள்கை நன்றே. ஆயின் அதற்கு நிலம் மிகுதியாக வேண்டும். சின்னஞ்சிறு தீவில் அந்நிலம் எங்கே?

போதாத நீர்

தீவு நீர் போதாமையால் நகராண்மை ஜோகூரை நாடியது. 1927 ஆம் ஆண்டில் ஜோகூர் அரசோடு உடன்பாடு ஏற்பட்டது. அதன்வழிக் குனோங் பூலாய் நீர், 1924 ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற கடற்பாலத்தின்மீது குழாய்வழி வந்தது. 1942 சனவரி 31 ஆம் நாள், பின்வாங்கிய பிரிட்டிஷ் படையினர் கடற்பாலத்தை வெடிவைத்து உடைத்தபோது அக்குழாயும் உடைந்தது. தொலைவிலிருந்து வரும் நீரை நம்பிய நகரின் நிலை எத்தகையது என்பதை அன்று யாவரும் கண்டனர்.

போருக்குப் பின்னர் 1961, 1962 ஆம் ஆண்டுகளில் மேலும் இரு உடன்பாடுகள் ஜோகூரோடு செய்யப்பட்டன. முதலாவது 2011 இல் முடிவுற்றது. இரண்டாவது 2061 வரை நிற்கும். அதன்படி ஜோகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை எடுக்கலாம். ஆயினும் வானம் பொய்த்தால் உடன்பாடு மழை பெய்விக்காது. 1963 ஏப்ரல் முதல் 1964 பிப்ரவரி வரை சிங்கப்பூரில் நீர்ப் பங்கீடு நடந்தது. குறித்த நேரங்களில் குழாய்கள் வறண்டன. வாளியும் கையுமாக மக்கள் வரிசையில் நின்ற காட்சியை அத்தலைமுறையினர் மறந்திலர். பொதுப் பயனீட்டுக் கழகம் தோன்றியதும் அதே 1963 ஆம் ஆண்டின் மே மாதத்திலேயாம்.

நாடு தனியாட்சி பெற்ற பின்னர், தீவின் மழையில் கூடுமான அளவைத் தீவிலேயே பிடித்தல் வேண்டும் என்பது முடிவாயிற்று. 1971 ஆம் ஆண்டில் தலைமை அமைச்சர் அலுவலகத்தில் நீர்த் திட்டப் பிரிவு அமைந்தது. 1972 ஆம் ஆண்டில் முதல் நீர்ப் பெருந்திட்டம் வகுக்கப்பட்டது. நடுக்காட்டில் இனி இடமில்லை. ஆதலின் ஆறுகள் கடலில் விழும் கழிமுகங்களையே அடைத்துத் தேக்கம் ஆக்கத் துணிந்தனர். கிராஞ்சியும் பாண்டானும் 1975 ஆம் ஆண்டில் தேக்கங்களாயின. முராய், போயான், சரிம்புன், தெங்கா ஆகியவை 1981 ஆம் ஆண்டில் தொடர்ந்தன.

இங்கேதான் சிக்கல் பிறந்தது. மெக்ரிட்சியைச் சுற்றிக் காடு இருந்தது. கிராஞ்சியைச் சுற்றி மக்கள் இருந்தனர். பன்றிப் பண்ணைகளும் கோழிப் பண்ணைகளும் காய்கறித் தோட்டங்களும் இருந்தன. ஆளில்லாத நிலத்துக்கு ஏற்ற வெற்று நில முறை, ஆள் வாழும் நிலத்துக்குப் பொருந்தவில்லை.

பண்ணைகளின் பெயர்ச்சி

பன்றிக் கழிவு நீரை எவ்வாறு கெடுக்கின்றது என்பது அறியத்தக்கது. அக்கழிவில் உள்ள உயிர்ப்பொருளை நுண்ணுயிர்கள் உண்ணும்போது நீரில் கரைந்துள்ள உயிர்வளியைச் செலவிடுகின்றன. உயிர்வளி குன்றினால் மீன் மடியும், நீர் நாறும். கழிவிலிருந்து பிறக்கும் அம்மோனியா குளோரினோடு கூடி, கிருமிகளைக் கொல்லும் அதன் ஆற்றலைக் குறைக்கின்றது. எஞ்சிய நைட்ரசனும் பாசுவரமும் பாசிக்கு உரமாகின்றன. பாசி பெருகினால் வடிகட்டும் மணற்படுகை அடைபடுகின்றது. நீரின் சுவையும் மணமும் கெடுகின்றன. இவையனைத்தையும் ஆலையில் நீக்கலாம் எனினும், நீக்கும் செலவு ஏறிக்கொண்டே போகும்.

ஆகவே கிராஞ்சி நீர்ப்பிடிப்பு நிலத்திலிருந்த பன்றிப் பண்ணையாளர்கள் எழுபதுகளில் பொங்கோலுக்குப் பெயர்க்கப்பட்டனர். அங்கும் அவர்கள் நெடுங்காலம் இருக்கவில்லை. பன்றி வளர்ப்பையே படிப்படியாக நிறுத்துவதென 1984 ஆம் ஆண்டில் அரசாங்கம் முடிவு செய்தது. 1990 ஆம் ஆண்டிற்குள் அத்தொழில் தீவிலிருந்து மறைந்தது.

சட்டமும் உடன் வளர்ந்தது. நீர் மாசுக் கட்டுப்பாட்டு வடிகால் சட்டம் 1975 ஆம் ஆண்டிலும், தொழிற்கழிவு நீர் விதிகள் 1976 ஆம் ஆண்டிலும் வந்தன. கழிவுநீர் வேறு, மழைநீர் வேறு. இரண்டும் ஒரே கால்வாயில் செல்லலாகாது என்பது அடிப்படை விதியாயிற்று. வாளிக் கழிப்பிடங்கள் குறைந்து குறைந்து 1987 ஆம் ஆண்டில் முற்றும் ஒழிந்தன.

1977 பிப்ரவரி 27 ஆம் நாள் மேல் பியர்ஸ் தேக்கத்தைத் திறந்துவைத்த தலைமை அமைச்சர் லீ குவான் இயூ, பத்தாண்டுகளில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்கும் நிலை வரவேண்டும் என்று ஓர் இலக்கைக் கூறினார். அப்பணி 1987 ஆம் ஆண்டில் முடிவுற்றது. ஏறத்தாழ 26,000 குடும்பங்கள் வேறிடங்களில் குடியேற்றப்பட்டன. தெருவோர வணிகர் உணவங்காடி நிலையங்களுக்குச் சென்றனர். ஆற்றங்கரைப் படகுத் தொழிலும் சரக்கேற்று வேலையும் இடம்பெயர்ந்தன. பண்ணைகள் மூடப்பட்டன. ஆற்றின் அடியில் பல்லாண்டு படிந்த சேறு அகழப்பட்டது.

இவ்வெற்றியைப் புகழ்வோர் ஒன்றை மறத்தல் ஆகாது. தூய நீரின் விலையில் ஒரு பகுதியை, வாழ்ந்த வீட்டையும் பழகிய தொழிலையும் விட்டு வந்த எளிய மக்கள் செலுத்தினர். அவர்கள் ஈடும் வீடும் பெற்றனர் என்பது மெய். ஆயினும் தலைமுறையாகப் பன்றி வளர்த்த முதியவர் ஒருவருக்கு அடுக்குமாடி வீட்டில் செய்தொழில் யாது? நிலத்தை எதற்குப் பயன்படுத்துவது என்று தொடக்கத்திலேயே ஆராயாமல் விட்டால், பின்னர்த் திருத்தும் சுமை பெரும்பாலும் வலியற்றோர் தோளிலேயே விழுகின்றது. முன்னாய்வின் தேவையை உணர்த்தும் பாடம் இதனினும் பெரிது வேறில்லை.

வரம்பு கட்டிய பதினாறு ஆண்டுகள்

எண்பதுகளின் தொடக்கத்தில் புதியதொரு கேள்வி எழுந்தது. வீடமைப்புப் பேட்டைகள் தீவெங்கும் பரவின. அவற்றின் கூரையிலும் தெருவிலும் விழும் மழையைக் குடிநீர் ஆக்கலாமா? அவ்வாறாயின் நீர்ப்பிடிப்பு நிலத்தில் எத்துணை நகரைக் கட்டலாம்?

1983 ஆம் ஆண்டில் அரசாங்கம் நீர்ப்பிடிப்புக் கொள்கை ஒன்றை வகுத்தது. காடாகக் காக்கப்படாத நீர்ப்பிடிப்பு நிலங்களில், நகராக மாற்றப்படும் பரப்பு 2005 ஆம் ஆண்டுவரை 34.1 விழுக்காட்டை மீறலாகாது என்றும், குடியிருப்பு அடர்த்தி ஹெக்டருக்கு 198 வீடுகளுக்கு மேற்படலாகாது என்றும் வரம்பு கட்டப்பட்டது. மாசு மிகுந்த தொழில்களுக்கு அங்கு இடமில்லை.

இவ்வெண்களுக்குப் பின்னால் ஓர் எளிய இயற்கை நெறி உள்ளது. காட்டில் விழும் மழை மண்ணுள் இறங்குகின்றது. சிமிட்டித் தளத்தில் விழும் மழை இறங்க இடமின்றி ஓடுகின்றது. ஓடும்போது தளத்தில் கிடக்கும் எண்ணெய், தூசு, குப்பை, நாய்க் கழிவு அனைத்தையும் வாரிக்கொண்டு செல்கின்றது. மழையின் முதல் நீரே மிக அழுக்கானது. தளம் பெருகப் பெருக ஓடும் நீரும் பெருகும், அழுக்கும் பெருகும். எவ்வளவு பெருகினால் ஆலையால் தாங்க இயலாது என்று உறுதியாகத் தெரியாத காலத்தில், ஒரு வரம்பை வைத்துக்கொள்வதே அறிவுடைமை.

வரம்புக்குள் நின்றுகொண்டே ஆய்வு நடந்தது. 1986 ஆம் ஆண்டில் சிலேத்தார் - பிடோக் திட்டம் முடிவுற்றது. புதிய பேட்டைகளின் மழைநீரைக் குளங்களில் திரட்டி, அங்கிருந்து தேக்கத்திற்கு அனுப்பும் முறை அதில் கையாளப்பட்டது. கழிவுநீர்க் குழாய்கள் ஒழுங்காக இருந்து, தெருக்கள் கூட்டப்பட்டு, தொழிற்சாலைகள் கண்காணிக்கப்பட்டால், நகர மழையையும் குடிநீர் ஆக்கலாம் என்பது பட்டறிவால் உறுதிப்பட்டது. மாசுக் கட்டுப்பாடு வலுப்பெற்ற பின்னர், 1999 ஆம் ஆண்டில் அவ்விரு வரம்புகளும் நீக்கப்பட்டன.

வரம்பு நீக்கப்பட்டதனால் அது தொடக்கத்திலேயே வேண்டாததாக இருந்தது என்று சிலர் கருதக்கூடும். அக்கருத்துப் பொருந்தாது. வரம்பு இருந்த பதினாறு ஆண்டுகளில்தான் வேண்டிய அறிவும் சட்டமும் குழாயும் உருவாயின. தெரியாத காலத்தில் பொறுத்திருந்தமையே தெரிந்த காலத்தில் துணிய இடம் தந்தது. காட்டை ஒருமுறை வெட்டிவிட்டால், பின்னர் வரும் அறிவினால் அதனை மீட்க இயலாது.

வரைபடத்திலேயே தடுத்தல்

வரம்பு போயிற்றெனினும் ஆய்வு போகவில்லை. முன்னர் “எத்துணை கட்டலாம்?” என்று கேட்டனர். இன்று “கட்டிய இடத்திலிருந்து வெளிவரும் நீர் எத்தகையது?” என்று கேட்கின்றனர். ஒரு தொழிற்சாலையோ குடியிருப்போ எழுமுன்னரே அதன் வரைபடங்கள் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலர் பார்வைக்குச் செல்கின்றன. அவ்விடம் எந்தத் தேக்கத்தின் நீர்ப்பிடிப்பில் உள்ளது, என்ன வேதிப்பொருள் வைக்கப்படும், கழிவு எங்குச் செல்லும், தீப்பற்றினால் அணைக்கும் நீர் எவ்வழி ஓடும் என்பனவெல்லாம் எண்ணிப் பார்க்கத்தக்கவை.

வெளிவிடும் நீருக்கும் அளவுகோல் உண்டு. நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்க ஐந்து நாளில் செலவிடும் உயிர்வளியின் அளவு அவற்றுள் ஒன்று. இன்றைய விதிகளின்படி, பொதுவான நீரோடையில் விடும் தொழிற்கழிவு நீரில் இவ்வளவு லிட்டருக்கு 50 மில்லிகிராமை மீறலாகாது. குடிநீருக்கு எடுக்கப்படும் ஓடையாயின் 20 மில்லிகிராமே எல்லை. ஒரே சட்டம் இரு ஓடைகளுக்கு இரு எல்லை வகுத்துள்ளமை நோக்கற்பாலது. நீர் எங்குச் செல்கின்றது என்பதே நிலத்தின் தகுதியை வரையறுக்கின்றது.

கட்டுமானக் காலத்திற்கும் தனி விதி உண்டு. புல்லும் மரமும் நீக்கப்பட்டு மண் திறந்து கிடக்கும் சில மாதங்களே மிகவும் இடரானவை. ஒரு பெருமழை போதும். செம்மண் குழம்பு கால்வாயில் பாயும். ஆகவே கட்டுமான இடத்திலிருந்து வெளிவரும் நீரில் மிதக்கும் மண் துகள் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. மண்ணை மூடிவைத்தலும், படிவுக் குட்டை தோண்டுதலும், வேலி கட்டுதலும் ஒப்பந்தக்காரர் கடமைகளாகும்.

இம்முறையின் பெரும்பயன் மரினா அணையில் விளங்கிற்று. 2008 ஆம் ஆண்டில் அவ்வணை திறக்கப்பட்டது. அதன் நீர்ப்பிடிப்பு 10,000 ஹெக்டர். தீவின் ஆறில் ஒரு பங்கு. நகரின் நடு நெஞ்சு. ஒருகாலத்தில் நாறிக் கிடந்த சிங்கப்பூர் ஆறும் காலாங் ஆறும் இன்று குடிநீர்த் தேக்கத்தில் கலக்கின்றன. 2011 ஆம் ஆண்டில் பொங்கோல், சிராங்கூன் தேக்கங்களும் சேர்ந்தபோது, தேக்கங்கள் பதினேழாயின. தீவின் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்பு நிலமாயிற்று. இந்நிலையில் சிங்கப்பூரில் பெரும்பாலோர் குடியிருப்பது ஏதேனும் ஒரு தேக்கத்தின் நீர்ப்பிடிப்பிலேயே என்று கூறுவது மிகையன்று. தெருவில் எறியும் குப்பை குடத்தை நோக்கியே செல்கின்றது.

கேமரன் மலை கூறும் பாடம்

முன்னாய்வும் கண்காணிப்பும் தளர்ந்தால் என்ன நேரும் என்பதற்கு மலேசியாவின் கேமரன் மலை சான்றாகும். அங்கு ரிங்லெட்டில் 1963 ஆம் ஆண்டில் சுல்தான் அபூபக்கர் அணை கட்டப்பட்டது. மின்னாக்கமே அதன் நோக்கம். அணைக்கு மேலே உள்ள சரிவுகளில் காடு நீக்கப்பட்டுக் காய்கறித் தோட்டங்களும் கட்டடங்களும் பெருகின. மழைதோறும் மண் கரைந்து தேக்கத்தில் படிந்தது. நீர் நிற்க வேண்டிய இடத்தில் சேறு நின்றது. தேக்கத்தின் கொள்ளளவு குறுகிற்று. 2013 அக்டோபர் 23 ஆம் நாள், பெருமழையின் பின் அணையின் பாதுகாப்புக்காக நள்ளிரவு கடந்த வேளையில் நீர் திறந்துவிடப்பட்டது. கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களைக் கொண்டுபோயிற்று.

அணையில் குறையில்லை, அணைக்கு நீர் அனுப்பும் நிலத்திலேயே குறை. ஒவ்வொரு தோட்டமும் தனித்தனியே நோக்கச் சிறியதே. ஒரு தோட்டத்தால் தேக்கம் தூர்ந்துவிடாது. ஆயின் ஆய்வாளர் ஒவ்வொன்றையும் தனித்து நோக்கி ஒப்புதல் அளிப்பதால் பயனில்லை. சரிவு முழுவதும் சேர்ந்து எத்துணை மண்ணைத் தேக்கத்திற்கு அனுப்பும் என்று கணக்கிட வேண்டும். 1983 ஆம் ஆண்டின் சிங்கப்பூர்க் கொள்கை விழுக்காட்டில் பேசியதன் நுட்பம் இதுவே. அது ஒரு கட்டடத்தை அன்று, நிலம் முழுவதையும் அளந்தது.

எஞ்சிய காட்டின் வழக்கு

ஆள் வாழும் நிலத்திலிருந்தும் குடிநீர் பெறலாம் என்று தெரிந்த பின்னர், நடுக்காடு வேண்டுமா என்னும் ஐயம் சிலருக்குத் தோன்றுதல் இயல்பு. அவ்வையம் 1992 ஆம் ஆண்டில் கீழ் பியர்ஸ் தேக்கத்தின் அருகில் கோல்ஃப் திடல் அமைக்கும் எண்ணமாக உருவெடுத்தது. இயற்கைக் கழகத்தினர் தாமே ஆய்வு செய்து, திடலால் காட்டுக்கும் உயிரினங்களுக்கும் நேரும் கேட்டை எடுத்துரைத்து அறிக்கை வெளியிட்டனர். பொதுமக்கள் பலர் கையெழுத்திட்டனர். திடல் அமையவில்லை. அரசாங்கம் கேளாத ஆய்வைக் குடிமக்கள் செய்து அளித்தமை நாட்டின் வரலாற்றில் குறிப்பிடத்தக்க நிகழ்ச்சியாகும்.

2013 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட குறுக்குத் தீவு ரயில் பாதையும் இவ்வழக்கை மீண்டும் எழுப்பிற்று. பாதை நடுநீர்ப்பிடிப்புக் காட்டின் அடியில் செல்வதா, காட்டைச் சுற்றிச் செல்வதா என்னும் வினா எழுந்தது. இம்முறை ஆய்வு முன்னரே நடந்தது. மண்ணைச் சோதிக்கத் துளையிடுதலே காட்டைக் கெடுக்குமென இயற்கை ஆர்வலர் கூறினர். அதனால் துளைகளின் எண்ணிக்கை குறைக்கப்பட்டது. 2019 திசம்பரில், காட்டின் அடியில் ஏறத்தாழ 70 மீட்டர் ஆழத்தில் சுரங்கம் அமைப்பதென முடிவாயிற்று. அம்முடிவை எல்லோரும் ஏற்றனர் என்பதற்கில்லை. ஆயின் முடிவுக்கு முன்னர்க் கேள்வி கேட்கப்பட்டது, விடை வெளியிடப்பட்டது. 

கேள்வி கேட்கும் வரிசை பிறழ்ந்தால் நேர்வதும் உண்டு. 2021 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிராஞ்சிப் பகுதியில் ஒரு காட்டுத் துண்டின் ஒரு பகுதி, ஆய்வு நிறைவெய்து முன்னரே தவறுதலாக அழிக்கப்பட்டது வெளிப்பட்டது. ஆய்வறிக்கை பின்னர் எத்துணைச் சிறப்பாக எழுதப்பட்டாலும் வெட்டிய மரத்தை அது நிறுத்தாது.

முடிவுரை

சிங்கப்பூர் நீர்ப்பிடிப்பு நிலங்களின் வரலாறு மூன்று பருவங்களை உடையது. முதற்பருவத்தில் மனிதரை விலக்கி நீரைக் காத்தனர். இரண்டாம் பருவத்தில் மனிதர்க்கு வரம்பு கட்டி நீரைக் காத்தனர். மூன்றாம் பருவத்தில் மனிதர் செயலுக்கு விதி வகுத்து நீரைக் காக்கின்றனர். முதற்பருவத்தில் காவல் காட்டின் கையில் இருந்தது; இன்று அது மனிதர் கையில் உள்ளது. காடு உறங்காது, கையூட்டு வாங்காது, விதியை மறக்காது. மனிதர் அத்தகையர் அல்லர். அதனாலேயே மூன்றாம் பருவத்தில் ஆய்வாளரின் விழிப்பும், பொறியாளரின் நேர்மையும், குடிமக்களின் கேள்வியும் முன்னினும் மிகுதியாக வேண்டப்படுகின்றன. அதனாலேயே எஞ்சிய நடுக்காடும் இன்னும் வேண்டப்படுகின்றது.

பள்ளி ஆசிரியர்கள் மாணாக்கரை மெக்ரிட்சிக்கு அழைத்துச் செல்லுங்கால் நீரைக் காட்டுவது வழக்கம். அணையின்மேல் நிற்க வைத்து நீரைக் காட்டிய பின்னர், திரும்பி நின்று அதனைச் சூழ்ந்த மேட்டையும் மரத்தையும் காட்டுதல் நன்று. மழை பெய்யும் நாளாயின் இன்னும் நன்று. காட்டிலிருந்து வரும் ஓடை தெளிவாக வருவதையும், சாலையோரக் கால்வாய் கலங்கி ஓடுவதையும் ஒருங்கே கண்ட பிள்ளைக்கு, நீர் எங்கிருந்து வருகின்றது என்னும் வினாவுக்கு முழு விடை அன்றே கிடைத்துவிடும்.